தௌனோவின் முட்டியும் முரட்டுச் சிறுநீரகமும்

தலையே போனாலும் சரி, இந்த வருஷம் பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் விடுவதில்லை என்று தௌனோ சபதம் போட்டுவிட்டான். பின்லாந்தில் அவன் ஊரில், ஜூலை மாதத் திருவிழாவில் மனைவியைச் சுமந்து ஓடும் போட்டி. அவள் புருஷன் கழுத்தில் கால்களைப் பின்னிக்கொண்டு முதுகில் தலைகீழாகத் தொங்குவாள். அவன் மரக்கட்டைகளைத் தாண்டி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஏறி ஓட வேண்டும். ஜெயித்தவனுக்கு, அவன் சுமந்த மனைவியின் எடைக்கு எடை பீர். தௌனோவின் மனைவி பிர்க்கோ நல்ல உடம்புக்காரி. ஜெயித்தால் பீர் ஏராளம். ஜெயிப்பதுதான் பாடு. பக்கத்து வீட்டு செப்போ, காற்றடித்தால் பறக்கிற மனைவியை வைத்துக்கொண்டு, வருஷா வருஷம் பீரைத் தட்டிக்கொண்டு போனான்.

தௌனோவுக்குக் குறுக்கே நின்றது அவனுடைய வலது முட்டிதான். அதற்கு மருந்தாக வீக்கம் அடக்கும் வலி மாத்திரையைக் கடலைபோலப் போட்டுக்கொண்டிருந்தான். பனி உருகும் காலத்தில் ரத்தப் பரிசோதனை பார்த்த டாக்டரம்மா, சிறுநீரகம் தளர்ந்துவிட்டது, அந்த மாத்திரையை இனிமேல் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பதிலாக முட்டிக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தாள்.

"முட்டி எங்க இருக்கு, சிறுநீரகம் எங்க இருக்கு! ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று வீட்டுக்கு வந்து குதித்தான் தௌனோ.

"மாத்திரைக்கு உன் முட்டியோட விலாசம் தெரியுமா? ரத்தத்துல கலந்து உடம்பு பூரா போகுது" என்றாள் பிர்க்கோ. "முட்டியில போய் வீக்கத்தை அடக்கும். சிறுநீரகத்துக்குப் போய் அங்க ரத்தம் வர்ற குழாயை இறுக்கிடும். நீயோ ரத்தக் கொதிப்புக்கு வேற மாத்திரை திங்கறே. அது பத்தாதுன்னு சவுனா நீராவி அறையில உக்காந்து உடம்புத் தண்ணி முழுசும் வேர்த்துக் கொட்டறே. சிறுநீரகம் பாவம், எதை வெச்சு வடிகட்டும்?"

"என் சிறுநீரகம் அசல் பின்லாந்துச் சரக்கு. ஏரியில ஐஸை உடைச்சு முங்கின சிறுநீரகம்!"

"முங்கினது நீ. அது உள்ள கதகதன்னுதான் இருந்துது."

"டாக்டருக்குப் பயந்து நொண்டிக்கிட்டுக் கெடக்கச் சொல்றியா?"

"உன் அண்ணன் சிறுநீரகம் கெட்டுப்போய் வாரா வாரம் டயாலிசிஸ் மெஷின்ல ஒயர் சுத்திக் கெடக்கறாரே, அதைப் பார்த்துட்டு வந்தவ நான். எனக்குப் பயமா இருக்கு தௌனோ." அவள் அவன் கையைப் பிடித்தாள். உடனே விட்டுவிட்டாள். "போட்டிக்கு முன்னாடி மறுபடி ரத்தப் பரிசோதனை பண்ணு. நல்லபடியா வந்தாத்தான் உன் முதுகுல ஏறுவேன். இல்லேன்னா ஒரு மூட்டை உருளைக்கிழங்கைத் தூக்கிக்கிட்டு ஓடு."

இதற்கெல்லாம் மசிகிற ஆளா தௌனோ? டவுனுக்குப் போய் மாத்திரை வாங்கினான். அட்டையோடு வைத்தால் மாட்டிக்கொள்வோம் என்று, எல்லாவற்றையும் பிதுக்கி ஒரு சைலிட்டால் மிட்டாய் டப்பாவில் கொட்டினான். சாப்பிட்டு முடித்ததும் பல்லுக்கு நல்லதென்று சைலிட்டால் போட்டுக்கொள்வது அங்கே வீட்டுக்கு வீடு உள்ள வழக்கம். பாதிரியார் பையில்கூட அந்த டப்பா இருக்கும். யார் சந்தேகப்படுவார்கள்? தன் மூளையை நினைத்துத் தௌனோவுக்கே புல்லரித்தது.

அன்றிலிருந்து பெண்டாட்டி கண்ணெதிரிலேயே டப்பாவைத் திறந்தான்.

"மிட்டாயை ஏன் முழுங்கறே? சப்பிச் சாப்பிடேன்" என்பாள் பிர்க்கோ.

"என் பல்லு, என் இஷ்டம்."

"சரி ராஜா. இந்தா, தண்ணி குடி. அப்படியே சுவத்துல முதுகைச் சாச்சு உக்காந்து உக்காந்து எழுந்திரு. டாக்டர் சொன்ன பயிற்சி."

சந்தேகம் வரக் கூடாதே என்று தண்ணீரையும் குடித்தான், பயிற்சியையும் செய்தான். முட்டி மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. மாத்திரையில் புதினா வாசம் அடித்தது. டப்பாவின் வாசம் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தான். வயிறு மட்டும் கடமுடா என்று உருட்டி, அடிக்கடி கழிவறைக்கு ஓட வைத்தது. சரியான வீரியமுள்ள மாத்திரை என்று மெச்சிக்கொண்டான்.

இரண்டாவது பரிசோதனையில் சிறுநீரகம் தேறிவிட்டிருந்தது. "மாத்திரையை விட்டீங்களே, அதான்" என்றாள் டாக்டரம்மா. தௌனோவுக்குச் சிரிப்பு பீறிட்டது. மருத்துவத்தையே மண்ணைக் கவ்வ வைத்துவிட்டோம் என்ற பூரிப்பு. அதை உள்ளே அடக்கிவைக்கத்தான் முடியவில்லை.

போட்டியன்று கொடி அசைந்ததும் பிர்க்கோவைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தான். முதல் கட்டையைத் தாண்டியாயிற்று. இரண்டாவதில் செப்போவை எட்டிப் பிடித்துவிட்டான். ஜனங்கள் கத்தினார்கள். இனி எதற்கு மறைக்க வேண்டும்?

"டேய் செப்போ! டாக்டர் கூடாதுன்ன மாத்திரையைத் தினம் தின்னேன்டா! என் சிறுநீரகம் கல்லு மாதிரி இருக்கு!"

முதுகுப் பக்கமிருந்து, தலைகீழாக, ஒரு குரல் வந்தது.

"டப்பா மேல என்ன எழுதியிருக்கு தௌனோ?"

"சைலிட்டால்னு."

"உள்ளயும் அதான். அளவு மீறித் தின்னா வயித்தால போகும், அதான் நீ ஓடிக்கிட்டே இருந்தே. நீ வாங்கிட்டு வந்த அன்னிக்கே மாத்திரையை எல்லாம் அழிக்கச் சொல்லி மருந்துக்கடையில குடுத்துட்டு, மிட்டாயைக் கொட்டி வெச்சுட்டேன்."

தௌனோ அப்போது தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தான். அதுவரை வாயைத் திறக்காத வலது முட்டி, மாத்திரை இல்லை என்ற சேதி எட்டியதும் பளீரென்று வலித்தது. நடுத் தண்ணீரில் தொப்பென்று உட்கார்ந்தான். செப்போ தாண்டிப் போய்விட்டான்.

பிர்க்கோ எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஏறு" என்று முதுகைக் காட்டினாள்.

"மாட்டேன்! எனக்கு வலிக்கவே இல்ல!"

அவள் கேட்டால்தானே. அலாக்காகத் தூக்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கரையேறினாள். ஊரே எழுந்து நின்று கைதட்டியது. தலைகீழாகத் தொங்கிய தௌனோ, பின்வாங்குகிறவன் நான் இல்லை என்று, ஜிப் போட்ட கால்சட்டைப் பையைத் துழாவி டப்பாவை எடுத்தான். இரண்டை வாயில் போட்டான். ஆச்சரியம், வலி குறைந்த மாதிரிதான் இருந்தது. இன்னும் இரண்டு எடுத்தான்.

டப்பா குலுங்கிய சத்தம் பிர்க்கோவுக்குக் கேட்டுவிட்டது.

"போதும், நிறுத்து. மறுபடி உனக்கு வயித்தால போச்சுன்னா, கீழ இருக்கறது நான்."