பத்துத் தேர்ந்தவர்களும் ஒரு புதியவரும்

பதினோரு பேர் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டிருந்த தாளை சூப்பர்வைசர் மூன்றாவது தடவையாக எண்ணினார். கணக்கு மாறவில்லை. மலையில் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களை வகை பிரிக்கத்தான் அந்தத் தாள். புதியவர் ஒருவர். ஓரளவு பழகியவர் யாருமில்லை. தேர்ந்தவர்கள் பத்துப் பேர்.

மெத்தை செய்கிற கம்பெனி அது. தயாராகி வரும் மெத்தையில் மல்லாந்து படுத்துப் பார்த்து, முதுகு சம்மதித்தால் முத்திரை குத்துவதுதான் சூப்பர்வைசரின் வேலை. பன்னிரண்டு வருடமாகப் படுத்தே சம்பளம் வாங்குகிறார் என்று கேலி பேசுவார்கள். அதற்கெல்லாம் அவர் அலட்டிக்கொண்டதில்லை. இந்தத் தாளுக்குத்தான் பயந்தார். அந்தப் பத்துத் தேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். அவருக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது.

எல்லாம் ஒரு போட்டோவால் வந்த வினை. மனைவியின் தம்பி மலைச் சைக்கிள் ஒன்று வாங்கியபோது, அதைப் பிடித்துக்கொண்டு நின்று எடுத்த படத்தை அலுவலக மேஜையில் வைத்திருந்தார். ஒருநாள் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, மலையெல்லாம் ஏறுவீர்களா என்று கேட்டார்.

"ஏதோ, லீவு நாள்ல கொஞ்சம் சார்."

இதையே பெருமையடித்துச் சொல்லியிருந்தால் மேனேஜர் நம்பியிருக்க மாட்டார். அடக்கமாகச் சொல்லப்படும் பொய்க்கு என்றுமே மதிப்பு அதிகம்.

பத்தே நாளில் அறிவிப்பு வந்தது. அலுவலகமே மலைக்குச் சைக்கிளில் போகிறது. ஏற்பாடு முழுக்க சூப்பர்வைசர். புதுக் கிளையின் சாவி மலை உச்சியில் ஒரு பலகையில் தொங்கும். முதலில் போய் அதை எடுப்பவர்தான் அந்தக் கிளைக்குத் தலைவர். பயந்து பின்வாங்குகிறவர்களிடம் ஒரு கிளையை ஒப்படைக்க முடியாது என்று மேனேஜர் மேஜையைத் தட்டிச் சொன்னார்.

அந்தப் பதவி சூப்பர்வைசருக்குத்தான் என்று ஆறு மாதமாகப் பேச்சு. அவர் மனைவி சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லி முடித்துவிட்டாள். இனி அது கிடைக்காவிட்டால் ஒரு விசேஷ வீட்டுக்கும் தலைகாட்ட முடியாது.

அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தாளானாலும் ஏற்பாடு செய்பவர் முதல் வரியை நிரப்பி மேனேஜருக்கு அனுப்புவார். அவர் இரண்டாவது வரியை நிரப்புவார். பிறகு அது மேஜை மேஜையாகப் போகும். சூப்பர்வைசர் போட்டோவை நினைத்து 'தேர்ந்தவர்' என்று டிக் அடித்தார். மேனேஜர் பேனாவைப் பிடித்தபடி மேல் வரியையே சிறிது நேரம் பார்த்தார். தன்னிடம் வேலை பார்ப்பவனுக்குக் கீழே இறங்க மனம் வராமல் அவரும் 'தேர்ந்தவர்' ஆனார். அதற்குக் கீழே உள்ளவர்கள், மேனேஜர் அன்று மேஜையைத் தட்டிய சத்தத்தை மறக்கவில்லை.

தையல் பிரிவு அக்கா ஒருத்திதான் 'புதியவர்' என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "நான் ரோட்டுலதான் ஓட்டியிருக்கேன் சார். மலைக்குப் புதுசுதானே?" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோர்க்கப் போய்விட்டாள்.

அந்த அக்காவை வைத்தே தப்பித்துவிடலாம் என்று சூப்பர்வைசருக்குத் தோன்றியது. மலைக்கு இரண்டு பாதைகள். ஒன்று சுற்றிச் சுற்றி மெதுவாகப் போகும் மண்பாதை. வேண்டுமானால் இறங்கித் தள்ளிக்கொண்டே போகலாம். இன்னொன்று கல்லும் வேருமாக நேரே ஏறுவது. புதியவரைத் தனியாக விடுவது சரியில்லை, தேர்ந்தவர் ஒருவர் சாவி ஆசையை விட்டுவிட்டு அவருக்குத் துணையாக மண்பாதையில் வர வேண்டும், அந்தத் தியாகத்தை நானே செய்கிறேன் என்று மேனேஜரிடம் சொன்னார். இப்படிப்பட்டவருக்குச் சாவியை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு.

மேனேஜர் நெகிழ்ந்துபோய், இதுதான் தலைமைக் குணம் என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். மதியத்துக்குள் எட்டுப் பேர் தாங்களும் அக்காவுக்குத் துணை போவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் மேனேஜரே வந்து, தானும் போனால்தான் முறை என்றார்.

"ஒருத்திக்குத் துணை பத்துப் பேரா?" என்றாள் அக்கா. "நான் என்ன பொட்டிப் பணமா?"

சூப்பர்வைசர் அசரவில்லை. யாராவது விழுந்துவிட்டால் தூக்கிப்போட ஒரு வேன் பின்னால் வர வேண்டும், அதில் மருந்துப் பெட்டியோடு அனுபவசாலி ஒருவர் உட்கார வேண்டும் என்று புதுத் திட்டம் போட்டார். அரை மணியில் அந்த ஒரு சீட்டுக்கு அடிதடி. காசாளர் தான் முதலுதவி படித்தவன் என்றார். ஸ்டோர் கீப்பர், தனக்கு ரத்தத்தைப் பார்த்தால் பயமில்லை என்றார். மேனேஜருக்கு எரிச்சல் வந்துவிட்டது. மண்பாதையும் வேண்டாம், வேனில் யாரும் உட்காரவும் வேண்டாம், டிரைவர் மட்டும் வந்தால் போதும், அத்தனை பேரும் கல்பாதைதான் என்று முடித்துவிட்டார். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் கம்மியது. கோபத்தினால் என்று சூப்பர்வைசர் நினைத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி அந்தப் போட்டோவின் இன்னொரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உண்மையைச் சொல்லிடுங்களேன்."

"ஒன்பது பேரும் மலை ஏறுறவங்க. நான் மட்டும் எப்படிச் சொல்றது?"

"இதுல நீங்க சைக்கிளைப் பிடிச்சிட்டு நிக்கல. சைக்கிள்தான் உங்களைப் பிடிச்சிட்டு நிக்குது."

மறுநாள் விடிந்ததும் பயணத்துக்குச் சைக்கிள் வாடகைக்குத் தரப்போகும் கடைக்காரரிடமே போய் நின்றார். கடைக்குப் பின்னால் ஒரு மைதானம். ஒரு வாரத்தில் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். கடைக்காரர் ஒரு நோட்டைப் புரட்டினார்.

"ஆறுலேர்ந்து ஆறரை வரைக்கும் உங்களுக்கு. கரெக்டா வந்து கரெக்டா கிளம்பிடணும். முன்னாடியும் பின்னாடியும் ஆள் இருக்கு."

"சின்னப் பிள்ளைங்களா?"

"பிள்ளைங்க மாதிரிதான்."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் எதுக்குங்க சொல்லப்போறேன்" என்றார் கடைக்காரர், அலுத்துப்போன குரலில். பிறகு சைக்கிளின் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு குட்டிச் சக்கரத்தை மாட்டினார். குழந்தைகள் சாயாமல் இருக்க மாட்டுவது. சூப்பர்வைசர் அதையும் மீறிச் சாய்ந்தார். மூன்றாம் நாள் குட்டிச் சக்கரத்தைக் கழற்றியபோது மைதானத்தில் அவர் விழாத இடம் பாக்கியில்லை. கம்பெனி மெத்தை ஒன்றாவது இங்கே கிடக்கக் கூடாதா என்று அவருக்கு அழுகையே வந்தது.

அந்த வாரம் அலுவலகத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நடுக்கம் கூடியது. காசாளர் முழங்கையில் கட்டோடு வந்தார். ஸ்டோர் கீப்பர் நொண்டினார். மேனேஜர் நாற்காலியில் உட்காருவதையே விட்டுவிட்டு, நின்றபடி கூட்டம் நடத்துவதுதான் இப்போது நல்ல பழக்கம் என்றார். உட்கார முடியாமல் சூப்பர்வைசரும் சந்தோஷமாக நின்றார். இவர்கள் எல்லாம் ரகசியமாக எந்தப் பெரிய மலையில் பயிற்சி எடுக்கிறார்களோ என்று நினைத்தபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாளும் வந்துவிட்டது. வேன் டிரைவர் முதல் நாளே மேலே போய்ச் சாவியைத் தொங்கவிட்டிருந்தார். கடைக்காரர் லாரியிலிருந்து பதினோரு சைக்கிளையும் இறக்கி மலையடியில் வரிசையாக நிறுத்தினார். சீட்டையும் பிரேக்கையும் ஆளுக்குத் தகுந்தபடி வைக்க வேண்டுமென்று கேட்டதால், சூப்பர்வைசர் அந்தத் தாளை அவரிடம் கொடுத்தார்.

"போலாமா?" என்றாள் தையல் பிரிவு அக்கா.

நீங்கள் மெதுவாக முன்னால் போங்கள், நாங்கள் பின்னாலேயே வந்து பிடித்துவிடுகிறோம் என்று பத்துப் பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி மிதித்தாள். முதல் வளைவில் மறைந்தும் போனாள்.

தேர்ந்தவர்கள் கிளம்பத் தயாரானார்கள். காசாளர் டயரை அமுக்கிப் பார்த்துக் காற்று பத்தாது என்றார். ஸ்டோர் கீப்பர் காற்று அதிகம் என்றார். மேனேஜர் யாருடனோ போனில் பேசிக்கொண்டே இருந்தார். போன் அணைந்திருந்ததை சூப்பர்வைசர் பார்க்கவில்லை. அவர் கண்ணை மூடி, பத்து கஜமாவது ஓட்டிவிட்டு விழ வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டிருந்தார். ஒருவர் இன்னொருவரை முதலில் போகச் சொன்னார். அவர் அதெல்லாம் மரியாதை இல்லை என்றார். இப்படியே ஒரு மணி நேரம் போயிற்று. ஒருவர்கூடச் சீட்டில் உட்காரவில்லை.

உச்சியில் பலகையின் பக்கத்தில் ஒரு சின்ன உருவம் கையை ஆட்டியது. கையில் ஏதோ வெயிலில் மின்னியது.

எல்லோரும் மேலே பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். கடைக்காரர் கையிலிருந்த தாளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தார். பத்துப் பேரின் முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். லாரியிலிருந்து கனமான ஒரு சாக்குப் பையை இறக்கிக் கீழே வைத்தார்.

"புதுசுன்னு எழுதின அந்தம்மா மட்டும்தான் என்கிட்ட வரல" என்றார். "மத்தபடி தேர்ந்தவங்க பத்துப் பேருக்கும் குட்டிச் சக்கரம் மாட்டிடவா, இல்ல இந்த வாரம் அரை மணிக்கு ஒருத்தரா வந்து கத்துக்கிட்டதே போதுமா?"