புத்தருக்கு முடி எடுத்த விவரம்

குற்றாலம்,
மாசி 12.

பனிமலையில் நின்று நாட்டைக் காக்கும் என் மைத்துனன் இசக்கிப்பாண்டிக்கு, பிள்ளையின் தலையைக் கூடக் காக்கத் தெரியாத உன் அத்தான் சுடலைராஜ் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்காள் மஞ்சு, உன் மருமகள் சத்யபிரியா மூவரும் சாஸ்தா புண்ணியத்தில் சுகம். உன் சுகத்துக்கும், அங்கே நேரத்துக்குச் சூடாகச் சோறு கிடைப்பதற்கும் வேண்டிக்கொள்கிறோம்.

போன் இருக்கும்போது அத்தான் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய். பாதி மட்டும் கேட்டால் நான் பெரிய அயோக்கியனாகத் தெரிவேன். முழுவதும் கேட்டால் வெறும் மடையன்தான். ஆகவே கடைசி வரைக்கும் படி.

மாப்ளே, சத்யபிரியாவுக்கு மொட்டை போட்டாயிற்று.

கடிதத்தைக் கசக்காதே. பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி, சாஸ்தா கோவிலில் தாய்மாமன் மடியில் வைத்து எடுக்கவேண்டிய முதல் முடி, ஐந்து பங்குனி உத்திரமாக உனக்கு லீவு கிடைக்காததால் இடுப்பு வரை வளர்ந்து நின்ற முடி, எல்லாம் எனக்குத் தெரியும். இந்தப் பங்குனிக்கு லீவு வந்துவிடும் என்று நீ சொன்ன அன்று உன் அக்காள் தெருவுக்கே கேசரி கொடுத்தாள். நடந்தது இதுதான். பிள்ளையின் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் 'பாரதம் கண்ட ஞானிகள்' என்று மாறுவேடப் போட்டி. வகுப்பு டீச்சர் சாஜிதா சீட்டுக் குலுக்கிப் போட்டதில் நம் பிள்ளைக்குப் புத்தர் வந்தார். அந்த நேரம் பார்த்து மஞ்சுவுக்குத் திருச்செந்தூரில் மூன்று நாள் பந்தோபஸ்து போட்டுவிட்டார்கள். தொப்பியை மாட்டிக்கொண்டே, "பிள்ளைக்குச் சோறு குடுக்க மறந்தாலும் மறங்க, முடியில மட்டும் கைய வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் சத்தியமாகக் கை வைக்கவில்லை மாப்ளே. வைத்தது சலூன்காரர்.

தென்காசியில் வாடகைக்கு வேஷத்துணி கொடுக்கும் கடைக்குப் போனோம். காவித்துணி கச்சிதமாக இருந்தது. சுருட்டை முடியும் உச்சிக்கொண்டையும் வைத்த புத்தர் விக்குதான் தலையில் உட்காரவில்லை. பிள்ளைக்கு முடி அவ்வளவு அடர்த்தி. அமுக்கினால் எம்பி எம்பி வருகிறது. கடைக்காரர், பக்கத்துச் சலூனில் கொடுத்து முடியைப் படிய எடுத்துக் கட்டச் சொல்லுங்கள் என்றார். சரி என்று போய், "பாப்பாவுக்கு முடி எடுத்து" என்றேன். 'கட்டணும்' என்று சொல்ல வாயைத் திறக்கும்போது போன் அடித்தது. ராஜபாளையத்திலிருந்து நம்ம லாட்ஜுக்கு ரூம் கேட்கிறார்கள், அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்கிறார்கள். மாசி மாதத்தில் அந்தக் கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னால் லாட்ஜ் மேனேஜர் வேலை எனக்கு எதற்கு? வெளியே வந்து, விழுது சார், விழத்தான் செய்யுது, கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும் என்று விளக்கிக் கொண்டிருந்ததில் கால் மணி நேரம் ஓடிவிட்டது.

திரும்பி வந்து பார்க்கிறேன், தலையில் பாதி தரையில் கிடக்கிறது. நம் ஊரில் முடி எடுப்பது என்றால் மொட்டைதானே. அந்த நீளத்தைப் பார்த்ததுமே, சாஸ்தா நேர்ச்சை போல என்று சலூன்காரரே முடிவு செய்து, செருப்பைக் கழற்றிவிட்டுச் சாமியை வேண்டி ஆரம்பித்திருக்கிறார். எடுத்துக் கட்டத்தானே சொல்ல வந்தேன் என்று அலறினேன். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "எடுத்துன்னீய, எடுத்துட்டேன். கட்டுததுக்குத்தான் இப்ப ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

இனிமேல் வருவதுதான் மோசம், உட்கார்ந்துகொண்டு படி. தாய்மாமன் மடி இல்லாமல் முதல் முடி எடுக்கக்கூடாது என்கிற முறை அவருக்கும் தெரியும். மாமன் எங்கே என்று பிள்ளையிடம் கேட்க, அவள் பட்டாளத்தில் இருக்கிறார் என்று சொல்ல, சேவிங்குக்கு வந்து காத்திருந்த முத்துராமலிங்கம் என்ற புளியங்குடி எலுமிச்சை லாரி டிரைவர், நாட்டுக்காக நிற்கிறவருக்கு நாம் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று, முகத்துச் சோப்பு நுரையைத் துடைத்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டுவிட்டார். பாதித் தலையோடு நின்ற ஞானி எந்த மதத்திலும் கிடையாது என்பதால் மீதியையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். சந்தனம் பூசினார்கள். அந்த மனுசன் தாய்மாமன் சீர் என்று ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொடுத்து, லாரி ஆரனையும் அடிக்கவிட்டார். உன் மருமகள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழுதது நான் ஒருவன்தான்.

போட்டிக்கு மொட்டையாகவே போனோம். அங்கே ஆதிசங்கரர் தன் தண்டத்தால் மகாவீரரை ஒரு போடு போட்டுவிட்டு அம்மாவிடம் ஓடினார். கையைக் கட்டி நின்ற விவேகானந்தர் பிஸ்கட் கொடுத்தபோதும் கட்டை அவிழ்க்கவில்லை, ஊட்டித்தான் விட்டார்கள். நம் பிள்ளையோடு மூன்று புத்தர்கள். மற்ற இரண்டு பேருக்கும் விக்கு. நடுவராக வந்த சங்கரநாராயணன் என்ற ரிட்டயர்டு வாத்தியார் எழுந்து, அரண்மனையை விட்டுக் கிளம்பியபோது புத்தர் முடியையும் துறந்தார், அதை உணர்ந்து பெற்ற மகளின் கூந்தலையே துறக்கவைத்த தகப்பனைப் பாராட்டுகிறேன் என்று கைதட்டி முதல் பரிசு கொடுத்தார். நான் எழுந்து கும்பிட்டேன். கும்பிட்டுத் திரும்பினால் மூன்றாவது வரிசையில், பந்தோபஸ்து முடிந்து நேரே வந்து காக்கி யூனிபாரத்தோடு உன் அக்காள். புத்தர் மைக்கை வாங்கி, "இந்த முடி எங்க மாமாவுக்கு வச்சிருந்தது. எலுமிச்சம்பழ மாமா மடியில போயிட்டு" என்று ஒரு வரி கூடுதலாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன் மாப்ளே. தொப்பியைக் கூடக் கழற்றாமல், "அஞ்சு வருசமா என் தம்பி லீவுக்கு அலையுதான். நீங்க கால் மணி நேரத்துல முடிச்சிட்டீய" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு மூன்று நாளாக என்னிடம் பேச்சு இல்லை. உன்னிடமும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கு வெட்கமாகவும் துக்கமாகவும் இருக்கிறது. உன்னுடைய உரிமையை ஒரு போன் பேச்சில் தொலைத்துவிட்டேன்.

ஆனாலும் வழி இருக்கிறது. எடுத்த முடியை ஓர் இழை விடாமல் கூட்டி அள்ளி, மஞ்சள் பையில் சாமி படத்தடியில் வைத்திருக்கிறேன். கோவில் பூசாரியிடமும் கேட்டுவிட்டேன். சாஸ்தா முழம் போட்டுப் பார்ப்பதில்லை, உத்திரத்துக்குள் முளைத்தது அரிசி அளவு இருந்தாலும் போதும், மாமன் மடிதான் முக்கியம் என்றார். ஆகையால் நீ கோபப்படாமல், இந்தப் பங்குனிக்கு அவசியம் வந்து சேரவேண்டும். லாட்ஜில் அருவிப் பக்கத்து அறையை உனக்கென்று பூட்டி வைத்திருக்கிறேன்.

பனியில் காது மூடித் திரிய வேண்டும் என்று அக்காள் பிள்ளை மூலமாகவும், முத்தம் என்று மருமகள் தானாகவும் சொல்லச் சொன்னார்கள்.

உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
அத்தான் சுடலைராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது மஞ்சு வந்து, நீ இப்போது அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினாள். "அக்கா, இந்தப் பங்குனிக்கும் லீவு இல்லைன்னுட்டாவ. பத்து நாளாச்சு, சொல்லத் தைரியம் வரல. பிள்ளைக்கு அவ்வளவு முடிய இன்னும் ஒரு வருசம் எப்படித்தான் வாரிக் கட்டுவியோ" என்று நீ அழுகிறாய். ஏலே, அழாதே. வாரிக் கட்ட இங்கே ஒன்றும் இல்லை. மூன்று நாளுக்குப் பிறகு உன் அக்காள் சிரித்துவிட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறாள். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. அடுத்த பங்குனிக்குள் முடி தோளைத் தொட்டுவிடும். நீ லீவை வாங்கு, நாங்கள் முடியை வளர்க்கிறோம்.