தொப்புள்கொடி ரத்தமும் இரண்டு தாத்தாக்களும்

ராஜா அண்ணாமலைபுரம்,
திங்கட்கிழமை

அன்புள்ள தங்கை கிளாடிஸுக்கு,

அண்ணன் ஃபிரெட்ரிக் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே அனைவரும் சுகம். என் சர்க்கரை மட்டும் கிருபைக்குக் கட்டுப்படாமல் ஏறிக்கொண்டிருக்கிறது. பெங்களூரில் நீயும் லிசாவும் நலமாயிருக்க மன்றாடுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு ஒதுங்கிவிடுகிறாய். இது கட்டைவிரலில் அடங்கும் சமாசாரம் இல்லை என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

நம் ஜெசிகாவுக்கு இது ஒன்பதாம் மாதம். போன வாரம் அடையாறில் அவளைச் செக்கப்புக்குக் கூட்டிப் போனபோது நானும் சம்பந்தி சிதம்பரநாதனும் வெளியே உட்கார்ந்திருந்தோம். ஒரு தனியார் ரத்த வங்கியிலிருந்து மதுமதி என்று ஒரு பெண் வந்து, குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியில் மிஞ்சும் ரத்தத்தில் புது ரத்தம் ஊற வைக்கும் அணுக்கள் உண்டு, பணம் கட்டி அதை எடுத்து உறைய வைத்தால் பின்னால் ஏதாவது நோய் வந்தால் உதவும் என்றாள். "எவ்வளவு குளுருல வைப்பிய?" என்று சம்பந்தி கேட்டார். மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியாம். "நம்ம ஊரு கரண்டை நம்பியாம்மா?" என்றார். கரண்ட் வேண்டாம், நைட்ரஜன் இருக்கிறது என்றதும் மனுஷன் அந்தப் பேச்சில் விழுந்துவிட்டார். தி.நகரில் ஜவுளிக்கடை நடத்துகிறவர், நல்ல சரக்கை உள்ளே எடுத்து வைப்பதில் அவருக்கு எப்போதுமே நம்பிக்கை அதிகம். "நம்ம பேரப்பிள்ளைக்கு ஒண்ணுன்னா யார்ட்ட போயி நிப்பிய சம்பந்தி?" என்று என்னையே கேட்டார்.

எனக்கு உடனே உன் லிசா ஞாபகம் வந்தது. பத்து வயசில் உடம்பில் ரத்தமே ஊறாமல் போய், நாம் எல்லோரும் கையை நீட்டி, ஒருத்தர்கூடப் பொருந்தாமல், கடைசியில் பேர் தெரியாத யாரோ ஒருத்தர் குடுத்த அதே மாதிரி அணுக்களால்தானே பிள்ளை எழுந்து நடந்தாள். அதைச் சொல்லி, "தானமாக் குடுப்போம் சம்பந்தி, எங்கேயோ ஒரு பிள்ளை பிழைக்கும்"னேன். அவர் துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போயிட்டார். நான் ஜெயிச்சுட்டேன்னு வீட்டுக்கு வந்து சாஞ்சா, மனசு வேற பக்கம் திரும்புது. நம்ம குடும்பத்துல ஒருத்திக்கு வந்திருக்கே, ஜெசிகா பிள்ளைக்கும் வந்துட்டா? ஊருக்குக் குடுத்துட்டு நாம வெறுங்கையோட நிக்கிறதா? மறுநாள் காலையில சம்பந்திக்குப் போன் போட்டு, "நீங்க சொன்னதுதான் சரி, எடுத்து வெச்சுடுவோம்"கிறேன், அவர் "நீங்க சொன்னதுதான் சரி, குடுத்துருவோம்"ங்கார்! அன்னைக்குச் சாயந்திரம் எங்க வீட்டு ஹால்ல நேத்து அவர் பேசினதை நானும் நான் பேசினதை அவரும் அப்படியே பேசினோம். குரல் ஏறிப்போச்சு. ஜெசிகா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து வந்து, "ஒரு நாளாவது ரெண்டு பேரும் ஒரே கட்சியில இருக்க மாட்டீங்களா?"ன்னா. மாப்பிள்ளை ஆனந்தகுமார்தான், "டாக்டரையே கேப்போம் மாமா"ன்னான்.

டாக்டர் அஃப்சருன்னிசா பொறுமையாச் சொன்னாங்க. லிசாவுக்கு வந்தது பெரும்பாலும் வம்சத்துல வர்றது இல்லையாம். வம்சத்துல வர்ற நோயா இருந்தா எடுத்து வெச்ச ரத்தத்துலயும் அதே கோளாறு இருக்குமாம். "வீட்டுல ஏற்கெனவே நோயோட ஒரு அண்ணனோ அக்காவோ இருந்தா நானே எடுத்து வைக்கச் சொல்லுவேன். உங்களுக்கு அப்படி இல்ல. குடுக்கறதா இருந்தா குடுங்க"ன்னாங்க. எனக்கு நெஞ்சுல இருந்து ஒரு கல்லை இறக்கினாப்பல ஆச்சு. ஆனா பாரு, எடுத்து வைக்கணும்னா ஆள் தேடி வருது, சும்மா குடுக்கறேன்னா வாங்க ஆளில்லை! ஒரு இடத்துல, "இப்ப வாங்கறதில்ல சார்". இன்னொரு இடத்துல, "அந்த ஆஸ்பத்திரியில எங்க ஆளு இல்ல சார்". ஆனந்தகுமார் அலையா அலைஞ்சு தானம் வாங்கற ஒரு பொது ரத்த வங்கியைச் சம்மதிக்க வெச்சுட்டான். ரத்தம் பிடிக்க அவங்க குடுத்த பை இப்போ நம்ம வீட்டுக்கு வந்துடுச்சு. அதனால் குடும்பம் ஒருமனதாகத் தீர்மானித்திருப்பது என்னவென்றால், ரத்தம் தானம். இனி இதில் மாற்றமே இல்லை.

லிசாவுக்கு என் ஆசீர்வாதம். உன் ஜெபத்தில் ஜெசிகாவை மறவாதே.

அன்பு அண்ணன்,
ஃபிரெட்ரிக்

பி.கு. (சனிக்கிழமை): ஒட்டிய கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன், தபாலில் போடவே இல்லை. அதற்குள் செவ்வாய்க்கிழமையே பொம்பளைப் பிள்ளை பிறந்துவிட்டது! நாள் ஆகுமுன்னே வந்ததால கொஞ்சம் சின்னதா இருந்துச்சாம், இப்போ தாயும் பிள்ளையும் சுகம். கூட நின்ன ஆனந்தகுமார் சொன்னான்: டாக்டர் கொடியை உடனே வெட்டலை. "துடிப்பு நிக்கட்டும், அந்த ரத்தம் முதல்ல இவளுக்கு வேணும்"னு சொல்லிக் காத்திருந்தாங்களாம். கடைசியில பையில தானத்துக்கு ஒண்ணும் தேறலை. இதைக் கேட்டப்போ நானும் சம்பந்தியும் வெளியே நின்னுக்கிட்டிருந்தோம். சம்பந்திதான், "யாருக்குக் குடுக்கன்னு ஊரெல்லாம் கேட்டோம், ரத்தத்துக்குச் சொந்தக்காரிட்ட ஒரு வார்த்தை கேக்கலயே"ன்னார்.

நேத்து ஆனந்தகுமார், லிசாவுக்குக் கிடைச்ச மாதிரி அணு தானத்துக்குத் தன் பேரைப் பதிஞ்சுட்டு வந்தான். கன்னத்துக்குள்ள பஞ்சை விட்டுத் தடவி எடுத்துக்கிட்டாங்களாம். எங்களுக்குப் பொறுக்குமா? இன்னைக்குச் சம்பந்தி மீசைக்கு மை போட்டுக்கிட்டு வந்தார், நான் சட்டையை இன் பண்ணிக்கிட்டேன், ரெண்டு பேரும் அங்கேயே போய் நின்னோம். அங்கிருந்த பொண்ணு, "உங்க வயசுல எடுக்கறதில்ல சார்"னு ரொம்ப மரியாதையாச் சொல்லுச்சு. வாசல்ல ஆட்டோவுக்கு நின்னுக்கிட்டிருந்தோம். ஜெசிகா போன் பண்ணி, "பாப்பா அழுதுக்கிட்டே இருக்கா, யாராவது ஒருத்தர் வந்து தூக்குங்கப்பா"ன்னா. ஒரே ஆட்டோவுல ரெண்டு பேரும் ஏறிட்டோம். யார் முதல்ல தூக்கறதுங்கறதுதான் இறங்கற வரைக்கும் முடிவாகலை.