டிகிரி அண்ணன் எழுதிய எச்சரிக்கை

தேனி மாவட்டத்தில் கல்லூரிப் பக்கமே போகாமல் டிகிரி வாங்கிய ஒரே மனிதர் எங்கள் டிகிரி அண்ணன்தான். வாங்கினார் என்பதுகூடச் சரியில்லை. ஊரே சேர்ந்து கொடுத்தது. யாரைப் பார்த்தாலும் "சாப்டீகளா?" என்று கேட்கிற ஊரில், "இன்னைக்கு எத்தனை டிகிரி?" என்று கேட்ட ஒரே ஆள் அவர். அவருடைய சொந்தப் பெயர் ஆதார் அட்டையில் இருக்கிறது. அதை அவரே ஜெராக்ஸ் கடைக்குப் போகும்போதுதான் பார்ப்பார்.

அப்போது நான் தேனி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில் இயங்கிய ஒரு சின்ன கம்ப்யூட்டர் நிறுவனத்தில் ஃபோன் எடுக்கிற வேலையில் இருந்தேன். முதலாளி, டிகிரி அண்ணன், நான். மொத்தமே மூன்று பேர். கம்ப்யூட்டருக்கு உள்ளே எவ்வளவு சூடு, ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கண்காணிக்கிற மென்பொருளை விற்றோம். கூடவே உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னத் திரை. அதை மேசை மேல் வைத்துவிட்டால் எண்களைக் காட்டிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டரோடு இரண்டாவது மானிட்டரையோ பெரிய டிவியையோ இணைத்துக் கொடுப்பதும் எங்கள் வேலைதான். கோளாறு என்றால் வாடிக்கையாளர் என்னை அழைப்பார். நான் ஃபோனை அண்ணனிடம் கொடுப்பேன். அதற்குப் பிறகு அந்த ஃபோன் எப்போது என் கைக்குத் திரும்பி வரும் என்று எனக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது.

மற்ற ஊர்களில் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். டிகிரி அண்ணன் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் நோயாளியின் வீட்டு நிலவரம் கேட்கிற வைத்தியர் மாதிரி ஆரம்பிப்பார். ஒருநாள் காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒரு திராட்சைத் தோட்டக்காரர் அழைத்தார்.

"சின்ன டப்பாவுல தொண்ணூறுன்னு செவப்பா வருதுய்யா. என்ன செய்ய?"

"மெஷினுக்குப் பின்னாடி என்னங்கய்யா இருக்கு?"

"செவரு."

"முன்னாடி?"

"அரிசி மூட்டை."

"மேல?"

"மேல பேரன் துணி காயுது. அங்கன சூடா இருக்குல்ல, வெரசாக் காஞ்சிருது."

அண்ணன் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு நிமிடம் கண்ணை மூடினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அய்யா, தலையோட போர்வையப் போத்திக்கிட்டு, மூக்குக்கிட்ட அரிசி மூட்டைய வச்சுக்கிட்டு உங்களால வேல பாக்க முடியுமா?"

"எப்பிடிய்யா முடியும்? மூச்சு முட்டுமே!"

"அதுக்கும் அப்பிடித்தாங்கய்யா. அதுக்கு வாய் இல்ல. நம்பர் மட்டுந்தான் இருக்கு."

அரை மணி நேரம் கழித்து அந்த மனிதர் திரும்ப அழைத்து, "அறுவத்திரெண்டு! அறுவத்திரெண்டு!" என்று பேரன் பாஸான மாதிரி கத்தினார். அண்ணன் எழுந்து நின்று கை தட்டினார். எதிர்முனையில் இருப்பவருக்கு அது தெரியாதே என்றேன். "சத்தம் கேக்கும்ல ஆத்தா" என்றார். தங்கச்சி வயதில் இருந்த என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

வருசநாட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து, இரண்டாவது மானிட்டர் ஒரு வாரமாகக் கறுப்பாகவே இருக்கிறது என்று புகார் வந்தது. ஃபோனில் எவ்வளவோ கேட்டும் பிடிபடவில்லை. அண்ணன் பஸ் ஏறிப் போனார். அங்கே போய்ப் பார்த்தால், கேபிளின் ஒரு முனை மானிட்டரில் இருந்தது. மறுமுனையும் அதே மானிட்டரில் இருந்தது. பாம்பு தன் வாலைத் தானே கவ்வின மாதிரி ஒரு வாரமாக அந்த மானிட்டர் தன்னையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. அதை மாட்டிய ஆசிரியர் பக்கத்திலேயே நிற்கிறார். தலைமையாசிரியர், "என்ன கோளாறு?" என்று கேட்கிறார். எங்கள் அண்ணன் கேபிளைக் கழற்றி, சரியான இடத்தில் மாட்டிவிட்டு, "ஒண்ணுமில்ல சார். வயரு வழி மறந்துருச்சு" என்றார். சர்வீஸ் ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதினார்: "வயருக்கு வழி காட்டப்பட்டது." முதலாளி அந்தத் தாளை ஃபைலில் போடாமல் மேசை டிராயரில் பூட்டி வைத்தார்.

கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேராகப் பிடித்துச் சூடு பார்ப்பார்களே, அந்தத் துப்பாக்கி ஒன்று அண்ணன் கையில் கிடைத்ததுதான் ஊருக்கு வந்த சோதனை. டீக்கடையில் கிளாஸைச் சுட்டு, "எழுவத்தொண்ணு. இப்பக் குடிச்சா நாக்கு போயிரும், ரெண்டு நிமிஷம் பொறு" என்பார். பஸ் இன்ஜினைச் சுடுவார். கோபமாக உள்ளே வருகிற முதலாளியின் நெற்றியைச் சுட்டு, "முப்பத்தாறுதான் முதலாளி, கோவம் இன்னும் உள்ள போகல" என்பார். முதலாளியால் அதற்கு மேல் எப்படிக் கோபப்பட முடியும்?

இவ்வளவும் பொறுத்துக்கொண்ட முதலாளி ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் பயந்தார். எங்கள் மென்பொருள், சூடு எல்லை மீறினால் திரையில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை காட்டும். அதை யாரும் படிப்பதில்லை. ஏதோ விளம்பரம் என்று மூடிவிடுவார்கள். டிகிரி அண்ணன் பார்த்தார். அந்த வாசகங்களை நாமே மாற்றிக்கொள்ள வழி இருப்பதைக் கண்டுபிடித்து, தமிழில் எழுதிவிட்டார். முதல் கட்டத்துக்கு: "லேசா வேர்க்குது. ஃபேனைக் கொஞ்சம் பாருங்க." இரண்டாம் கட்டத்துக்கு: "சொன்னாக் கேக்க மாட்டீக. அப்புறம் என்னையத் திட்டக் கூடாது." நிலைமை கைமீறும்போது, கொட்டை எழுத்தில், சிவப்பில்: "உள்ள கொதிக்குது. யாராச்சும் வந்து என்னன்னு கேளுங்க."

"யோவ் டிகிரி, இது கம்பெனி சாஃப்ட்வேரா, சண்டைக்கு நிக்கிற சம்சாரமா?" என்றார் முதலாளி.

"படிக்கிறாகளா இல்லையா, அத மட்டும் பாருங்க முதலாளி."

படித்தார்கள். படித்ததோடு மதித்தார்கள். அந்த மாதம் ஒரு மெஷின்கூடச் சூட்டில் சாகவில்லை.

அப்போதுதான் கம்பத்தில் ஒரு கல்யாண மண்டபக்காரர் எங்களைக் கூப்பிட்டார். மேடையில் நடப்பதைக் கேமரா பிடித்து, கம்ப்யூட்டர் வழியாக மண்டபத்தில் ஒரு பெரிய திரையிலும் சாப்பாட்டுக் கூடத்தில் இன்னொரு திரையிலும் காட்ட வேண்டும். முதல் நிகழ்ச்சியே அவருடைய சொந்த மகள் கல்யாணம். "இங்கன நல்லா அமஞ்சா, கம்பத்துல இருந்து தேனி வரைக்கும் எல்லா மண்டபத்துக்கும் நானே சொல்லிவிடுவேன். முகூர்த்த நேரத்துல படம் நின்னுச்சு, உங்க பொட்டியத் தூக்கி ரோட்டுல வச்சிருவேன்" என்றார். முதலாளிக்கு அன்றிலிருந்தே தூக்கம் போய்விட்டது.

அண்ணன் எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்திருந்தார். எச்சரிக்கையும் எண்களும் உள்ளே கேமராக்காரர் பார்க்கிற மானிட்டரில் மட்டும். கல்யாணக் காட்சி வெளித் திரைகளில் மட்டும். "வீட்டுப் பேச்சு வீதிக்கு வரக் கூடாது" என்று கேமராக்காரரிடம் மூன்று முறை சொல்லி வைத்தார். கேமராக்காரரும் மூன்று முறை தலையாட்டினார்.

கல்யாணத்தன்று காலையில் நாங்கள் மூவரும் போய் நின்றோம். மண்டபத்தில் ஏதோ சரியில்லை. நாதஸ்வரம் வாசிக்கிறது, ஆனால் பெண் வீட்டார் கூடிக் கூடிக் குசுகுசுவென்று பேசுகிறார்கள். விசாரித்தால், பெண்ணின் தாய்மாமன் கோபித்துக்கொண்டு முதல் வரிசையில் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறாராம். அவர் மாலை போட்டு அழைத்து வந்தால்தான் பெண் மேடை ஏற முடியும். என்ன கோபம்? பத்திரிகையில் பெயர் போட்ட வரிசை என்றார் ஒருவர். காலையில் காப்பி வரவில்லை என்றார் இன்னொருவர். ஆளுக்கொரு காரணம் சொன்னார்களே தவிர, அவரிடம் போய்க் கேட்க ஒருவருக்கும் தைரியமில்லை. முறுக்கு மீசை, ஆறடி உயரம். அவர் இருமினாலே பக்கத்து நாற்காலி காலியானது.

இதற்கிடையில் இரண்டு காரியங்கள் நடந்திருக்கின்றன. கம்ப்யூட்டர் இருந்த சின்ன அறையில் யாரோ பூக்கூடைகளையும் தேங்காய் மூட்டைகளையும் கொண்டுவந்து அடுக்கி, மெஷினின் மூச்சை அடைத்துவிட்டார்கள். கேமராக்காரரோ, வெளியே தெரிவதே தன் மானிட்டரிலும் தெரிந்தால் வசதி என்று நினைத்து, எல்லாத் திரையிலும் ஒரே படம் வருகிற மாதிரி மாற்றிவிட்டார்.

முகூர்த்தத்துக்கு இன்னும் கால் மணி நேரம். கேமரா முதல் வரிசைப் பக்கம் திரும்பியது. பெரிய திரை முழுக்கத் தாய்மாமனின் முகம். சிவந்த கண், துடிக்கிற மீசை. அந்த முகத்துக்குக் கீழே, கொட்டை எழுத்தில், சிவப்பில் வந்தது:

"உள்ள கொதிக்குது. யாராச்சும் வந்து என்னன்னு கேளுங்க."

நாதஸ்வரம் நின்றது. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து மட்டும் ஒரே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு, பாதியில் அடங்கியது. முதலாளி தூணுக்குப் பின்னால் போனார். டிகிரி அண்ணனோ திரையைப் பார்த்ததும், "அய்யோ, தொண்ணூறைத் தாண்டிருச்சு!" என்று அலறிக்கொண்டு மெஷின் அறைக்கு ஓடினார்.

தாய்மாமன் நிமிர்ந்து திரையைப் பார்த்தார். வாசகத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பெண்ணின் அப்பா, அதுதான் மண்டபக்காரர், வேறு வழியில்லாமல் அவர் முன்னால் போய் நின்றார்.

"மச்சான்... என்னான்னு சொல்லுய்யா."

"காலையில இருந்து இங்கன உக்காந்திருக்கேன். ஒரு ஆளு வந்து என்னான்னு கேக்கல." கையை நீட்டித் திரையைக் காட்டினார். "ஒரு கம்ப்யூட்டரு சொல்லித்தான் நீ வந்து கேக்கணுமா?"

"தப்புத்தான்யா. பயந்துட்டேன்."

"என்னையப் பாத்தா பயம்? உன் மகளைத் தோள்ல தூக்கிட்டு வீரபாண்டித் திருவிழா முழுக்கச் சுத்தினவன்யா நான்!"

சொல்லிவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார். இன்னும் அவர் முகம், இன்னும் அந்த வாசகம். மீசைக்குள் ஏதோ அசைந்தது. பிறகு அந்த ஆறடி உடம்பும் குலுங்க ஒரு சிரிப்பு. மண்டபம் முழுக்க அதற்காகவே காத்திருந்த மாதிரி கூடச் சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் மாலையை வாங்கினார்.

நான் மெஷின் அறைக்கு ஓடினேன். அண்ணன் பூக்கூடைகளை வெளியே எறிந்து, மெஷினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்து, ஒரு தாம்பூலத் தட்டால் வீசிக்கொண்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மெஷினை நிறுத்தினால் வெளியே படம் போய்விடும் என்பதால் அந்தக் கால் மணி நேரமும் வீசினார். வெளியே கெட்டிமேளம் கேட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கண் முழுக்கச் சின்னத் திரை மேல்.

"எறங்கிருச்சு ஆத்தா. அறுவத்தஞ்சு."

"ஆமாண்ணே," என்றேன். "எறங்கிருச்சு." வெளியே நடந்தது எதுவுமே அவருக்குத் தெரியாது.

தாலி கட்டி முடிந்ததும் தாய்மாமன் எழுந்து, "அந்த வாசகத்த எழுதுன ஆளு எங்கன?" என்று கேட்டார். அண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அடி விழப்போகிறது என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு போனார். அவர் அண்ணனின் கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பந்தியில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். "ஏலே, இவருக்கு மொதல்ல எலையப் போடுங்கடா!"

பாயாசம் வந்தது. அண்ணன் இடுப்பில் செருகியிருந்த சூட்டுத் துப்பாக்கியை எடுத்தார். பந்தியே பதறியது. "எழுவத்தாறு. ஆறட்டும் மாமா" என்றார். மீசைக்காரர் கப்பை அப்படியே கீழே வைத்தார்.

மண்டபக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த ஆறு மாதம் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. அந்தக் கடைசி வாசகத்தை மட்டும் மாற்றக் கூடாது என்று வரிசையாக எல்லா மண்டபத்துக்காரர்களும் கேட்டுக்கொண்டார்கள்.

அந்த நிறுவனம் இப்போது இல்லை. முதலாளி சோலார் பேனல் பக்கம் போய்விட்டார். டிகிரி அண்ணன் கம்பத்தில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். நான் கல்யாணமாகிப் பெரியகுளத்தில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே வேலை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஃபோன் செய்து, "அண்ணே, ரெண்டாவது மானிட்டர் வரல" என்று சொல்வேன். இரண்டு பஸ் மாறி வருவார். மேசை முன்னால் நின்று பார்ப்பார். இரண்டு திரையும் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும். அடுப்படியில் இருந்து கோழிக்குழம்பு வாசனை வரும். என் கணவர் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு பையை இறக்கி வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

"பெரிய கோளாறுதான் ஆத்தா. சாயங்காலம் வரைக்கும் ஆகும்."