கப்பலேறிய கழுதையின் கடைசி எட்டுப் பக்கங்கள்

ஞாயிறு மலர் ஆசிரியர் அவர்களுக்கு,

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியிலிருந்து, பணி ஓய்வு பெற்ற தம்புசாமி பணிவன்புடன் எழுதுவது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். என் சுகத்துக்கும் குறைவில்லை. சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூடியிருப்பதாக டாக்டர் சொல்கிறார்.

மூன்று வாரங்களுக்கு முன் ‘சின்ன வயதில் பிடித்த புத்தகம்’ பகுதியில், ‘கப்பலேறிய கழுதை’ பற்றிய என் கடிதத்தை வெளியிட்டிருந்தீர்கள். கழுதையைப் பற்றி எழுதியதற்குக் குதிரைப் படம் போட்டிருந்தீர்கள், அதை நான் பெரிதுபடுத்தவில்லை. நான் எழுதியதிலேயே பெரிய தவறு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உப்பு மூட்டை சுமந்து அலுத்துப்போன கழுதை ஒன்று, சுமையே இல்லாத தீவைத் தேடிக் கப்பல் ஏறுகிறது; தீவில் வேலை இல்லை, ஆனால் காலி முதுகோடு அதற்குத் தூக்கம் வரவில்லை; அதைப் பார்த்து நிலா இறங்கி வந்து, “எனக்கும் நடந்து நடந்து கால் வலிக்கிறது, கொஞ்சம் ஏறிக்கொள்ளட்டுமா?” என்று கேட்டு முதுகில் உட்கார்ந்துகொள்கிறது; அன்றிலிருந்து வானத்தில் நிலா நகர்வதெல்லாம் கழுதை நடக்கும் நடைதான். இப்படித்தான் எழுதியிருந்தேன். கடைசிப் பக்கத்தில் சாம்பல் முதுகின் மேல் மஞ்சள் நிலா உட்கார்ந்திருக்கும் படத்தைக் கண்ணால் பார்த்ததாகவும் எழுதியிருந்தேன். என் மனைவி உஷாராணியைப் பெண் பார்க்கப் போனபோது பேச ஒன்றும் தோன்றாமல் நான் சொன்னதும் இந்தக் கதைதான். கல்யாணமே அதை நம்பித்தான் நடந்தது.

கடிதம் வெளியான திங்கட்கிழமை காலை, உங்கள் அலுவலகத்தில் என் நம்பரை வாங்கிக்கொண்டு கிள்ளானிலிருந்து லோகேஸ்வரி என்ற அம்மாள் போன் செய்தார். தையல் கடை வைத்திருக்கிறார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. “அண்ணே, அந்தக் கழுத கதைய எழுதுனது நீங்கதானா? முடிவு தப்பு லா. புக்கு எங்கிட்ட இருக்கு, வந்து பாருங்க” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அறுபத்து மூன்று வருடங்களாக எனக்குத் தெரிந்த கழுதையைப் பற்றி இன்னொருவர் எனக்குச் சொல்வதா? சனிக்கிழமையே ஒரு டப்பா முறுக்கோடு கொமுட்டர் ரயில் ஏறினேன். ஏசிக் குளிரில் கண் அசந்துவிட்டது. கனவில் எதிர் சீட்டில் கழுதை உட்கார்ந்து, தன் டிக்கெட்டை என்னிடம் காட்டி, “இது செல்லுமா?” என்று கேட்டது. நான் வாங்கிப் பார்ப்பதற்குள் ரயில் கிள்ளானைத் தாண்டிக் கடைசி ஸ்டேஷனுக்கே போய்விட்டது. இறங்கினால் உப்புக் காற்று அடிக்கிறது, தூரத்தில் பெரிய கப்பல்கள் நிற்கின்றன. வந்த வேலையை மறந்து கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். ஏதோ ஒரு கப்பலில் அந்தக் கழுதை ஏறிப் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றியதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. திரும்பி வந்து, கடையைத் தேடி வெயிலில் அலைந்து, நான் உள்ளே நுழைந்தபோது முறுக்கு தூளாகிவிட்டிருந்தது.

அவர் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துக் கட்டிங் மேசைமேல் வைத்தார். அதே அட்டை, ஒரு காது நீண்ட அதே கழுதை! இருபத்து நான்காம் பக்கத்தில் நடுக்கடலில் கப்பல் நிற்கும் படம், அதுவும் அதேதான். பக்கத்தைத் திருப்பினேன். ஆசிரியரே, அதற்குப் பிறகு இருந்த எட்டுப் பக்கங்களை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. கழுதைக்குக் கப்பலில் வாந்தி வருகிறது, கப்பல்காரன் திட்டிக்கொண்டே கரைக்குத் திருப்புகிறான், உப்பு வியாபாரி நாலு அடி போடுகிறான், புத்தி வந்து கழுதை மூட்டை சுமக்கிறது. அவ்வளவுதான். நிலாவும் இல்லை, தீவும் இல்லை.

“இது வேற புக்குமா” என்றேன்.

“வேற புக்கா? இங்க பாருங்க, கற. நான் அழுதது” என்று கடைசிப் பக்கத்தின் ஓரத்தைக் காட்டினார். பிறகு குரல் இறங்கிவிட்டது. “உங்க லெட்டர படிச்சதும் எனக்குக் கோவம் வந்துருச்சுண்ணே. இத்தன வருஷமா அந்தக் கழுத அடி வாங்குனதையே நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன். உங்களுக்கு மட்டும் எப்படி நிலா கெடச்சுச்சு?”

கதையை முழுதாகச் சொல்லச் சொன்னார். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். ரவிக்கை வாங்க வந்த ஒரு பெண்ணிடம், “நாளைக்கு வாமா, கழுத தீவுக்குப் போயிருச்சு” என்று சொல்லி அனுப்பினார். நிலா முதுகில் ஏறியதும் அவர் அந்தக் கறையை விரலால் தடவத் தொடங்கினார்.

திரும்பும் ரயிலில்தான் எல்லாம் விளங்கியது. அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தபோது பழைய பேப்பர் கடையில் வாங்கி வந்த புத்தகம் அது. எங்கள் புத்தகத்துக்குப் பின் அட்டையே கிடையாது, கப்பல் படத்துக்குப் பிறகு எல்லாம் கிழிந்துபோயிருந்தது. மிச்சத்தை யாரோ எனக்கு இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கிறார்கள். யார்? எங்கள் வீட்டில் அவ்வளவு அழகாகப் புளுகத் தெரிந்தது என் அக்கா பவுனம்மாளுக்கு மட்டும்தான். அடுக்களையில் வாழைப்பழம் காணாமல் போனபோது, குரங்கு வந்து அம்மாவின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கிப் போனதாகச் சொன்னவர் அவர். ஆகவே, திருத்தம் ஒன்று வெளியிடுங்கள்: அந்த முடிவு புத்தகத்தில் இல்லை, அதன் ஆசிரியர் செமினியில் வசிக்கும் திருமதி பவுனம்மாள், வயது எழுபத்து நான்கு. கிள்ளான் லோகேஸ்வரி அம்மாளிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டதையும் சேர்த்துப் போடுங்கள்.

தங்கள் பேனாவுக்கும் வாசகர்கள் அனைவரின் கண்ணுக்கும் நல்ல ஆயுசு கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்
தம்புசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், அனுமதி கேட்க வேண்டுமே என்று அக்காவுக்குப் போன் செய்து முழுக் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். வெகுநேரம் சிரித்தார். “டேய் தம்பு, நான் எங்கடா சொன்னேன்? எனக்கு அப்ப அம்ம போட்டிருந்துச்சு. கண்ணு கெட்டுரும், புக்கையே தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீதான் தெனம் மத்தியானம் வாசப்படிக்கு அந்தப் பக்கம் உக்காந்து படிச்சுக் காட்டுன” என்றார். இருக்காது அக்கா, எட்டு வயதில் எனக்கு அவ்வளவு எங்கே தெரியும் என்றேன். அவர் சொன்னார்: “கப்பலுக்கு அப்புறம் நீ பக்கத்தையே திருப்பல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சொன்னா நிறுத்திருவியேன்னு பேசாம படுத்திருந்தேன்.” ஆசிரியரே, திருத்தத்தில் பெயர் வரும் இடத்தைத் தயவுசெய்து காலியாக விட்டுவிடுங்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.