வெள்ளைத் தீற்றல்

படம் போடுகிறவன் இன்றும் மேட்டில் குடை விரித்து உட்கார்ந்திருந்தான். கண் நேரே ஒனெஸீமின் புல்வெளிமேல்.

நார்மண்டியில் புல்வெளிக்கா பஞ்சம்? இங்கே அப்படி என்ன இருக்கிறது? ஓர் ஆப்பிள் மரம். அதற்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளை எல்லைக்கல்.

ஒனெஸீமுக்கு வம்பே அந்தக் கல்லில்தான். சித்தப்பா செத்து நிலம் அவன் கைக்கு வந்தபோது, கல் மரத்துக்கு இந்தப் பக்கம் இருந்தது. அந்தக் கணக்கில் மரம் அடுத்த நிலத்து விதவை ஸெலினாவுடையது. அதன் பழத்தில் பிழியும் சைடருக்கு ஊரே நாக்கைத் தொங்கப்போடும். போன பனிக்காலத்தில் கல்லைப் பெயர்த்து மரத்துக்கு அந்தப் பக்கம் நட்டது ஒனெஸீம்தான்.

ஸெலினா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோழி வேலி தாண்டினாலே ஊரைக் கூட்டுகிறவள். அந்த மௌனம்தான் அவனை மாதக்கணக்காக அரித்தது. இப்போது புரிந்தது. சாட்சிக்கு ஆள் வைத்திருக்கிறாள்.

மேட்டுக்கு ஏறிப் போய்ப் பார்த்தான். மரம் நீலப் புகையாக இருந்தது. மாடு எது, மேகம் எது என்று தெரியவில்லை. ஆனால் மரத்துக்கு அந்தப் பக்கம் தடிமனாக ஒரு வெள்ளைத் தீற்றல்.

“இது என்னங்க முசியே?”

“கல்லுங்க. படத்துக்கே அதான் உயிரு.”

ஒனெஸீம் இறங்கி வந்து வைக்கோல் வண்டியைக் கல்லுக்கு முன்னால் நிறுத்தினான். ஓவியர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். “அட, இங்கேருந்து இன்னும் எடுப்பாத் தெரியுதே!”

ஒனெஸீம் சட்டையைக் கழற்றிக் கல்லின்மேல் போர்த்தினான்.

“வெயில்ல வெள்ளைச் சட்டை! பிரமாதங்க!” தீற்றல் இன்னும் தடித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊரே பூசைக்குப் போனது. வயிற்றுவலி என்று படுத்திருந்த ஒனெஸீம் கடப்பாரையோடு எழுந்தான். கல் பழைய இடத்துக்கே வந்தது. மரம் போனது. நெஞ்சு லேசானது.

மறுநாள்தான் உறைத்தது. நிலத்தில் கல் இந்தப் பக்கம். படத்தில் அந்தப் பக்கம். நகர்த்தியதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

“முசியே, கல்லைக் கொஞ்சம் இப்படித் தள்ளிப் போடுங்களேன்.”

“கண்ணு பார்த்ததைத்தான் கை போடும். பொய் வராதுங்க.”

“நீல மரம் போட்டிருக்கீங்களே!”

“அது சத்தியமா நீலந்தாங்க.”

வேறு வழியில்லை. ஒரு பன்றித்தொடையும் ஒரு பீப்பாய் ஆப்பிள் சாராயமும் தருவதாகச் சொல்லிப் படத்தைக் கேட்டு வாங்கினான். வேலியோரம் ஸெலினா நின்றிருந்தாள்.

“கால்சட்டைக்கு ஒட்டுப்போடவே மூக்கால அழுவே. நீ படம் வாங்கறியாக்கும்?”

கேலிதான். ஆனால் அவள் முகத்தில் சிரிப்பில்லை. அவன் வீட்டுக்குள் நுழையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

படம் நேரே ரொட்டி அடுப்புக்குள் போனது. எண்ணெய் வண்ணம், நன்றாகவே எரிந்தது.

சாயங்காலம் பீப்பாயை வாங்க ஓவியர் வந்தார்.

“படத்தை எங்கேங்க வெச்சிருக்கீங்க?”

“அடுப்படியில,” என்றான் ஒனெஸீம்.

ஓவியருக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாரிஸ்ல என் படத்தை ஒருத்தன் சீண்ட மாட்டான், இந்த ஊர்லதாங்க மதிப்பு! உங்க சித்தப்பா இருந்தப்பவும் இதே இடத்தைத்தான் போட்டேன். அப்பவும் கல்லு மரத்துக்கு அந்தப் பக்கந்தான். அவரு போய்ச் சேர்ந்த வாரமே, உங்களை மாதிரியே அந்த ஸெலினா அம்மா தேடி வந்து கெஞ்சி வாங்கிட்டுப் போயிட்டாங்க!”