கல்கத்தா குணப்படுத்திய ஆஸ்துமா

மத்திய அரசு ஊழியர் ஒருவர் தாம் விரும்பும் ஊருக்கு மாற்றல் பெற விதிகளில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கவேண்டும். ஊழியர்கள் மேல் உள்ள கருணையால்தான் அரசு அப்படி விதித்தது. அந்தக் கருணை வீணாகக்கூடாதே என்று ஊழியர்களும் உடனே நோயில் விழுந்தார்கள்.

கல்கத்தாவில், டல்ஹவுசி சதுக்கத்துக்குப் பக்கத்தில், ஐந்தாவது மாடியில் ஒரு சணல் தர ஆய்வு அலுவலகம் இருந்தது. அங்கே வேலை பார்த்த வெளியூர்க்காரர் ஒவ்வொருவரிடமும் பொருத்தமான வியாதி ஒன்று உண்டு. லூதியானாக்காரருக்கு அரிசிச் சோறு வயிற்றில் தங்காது. பாலக்காட்டுக்காரருக்கு முழங்கால், தென்னை மரம் உள்ள பிரதேசத்தில் மட்டும்தான் மடங்கும். எல்லா வியாதிகளும் அவரவர் சொந்த ஊரில்தான் குணமாகும் என்பதற்கு டாக்டர் சர்ட்டிபிகேட் இருந்தது. தலைமை எழுத்தர் சிவராமகிருஷ்ணனுக்கு ஆஸ்துமா. கல்கத்தாவின் ஈரக் காற்று அவருக்கு ஆகாது, மெட்ராஸின் வறண்ட கடற்காற்றுதான் ஆகும். மெட்ராஸில் கடற்காற்று எந்த வருஷம் வறண்டது என்று டாக்டரும் கேட்கவில்லை, சர்க்காரும் கேட்கவில்லை.

அவருக்கு ஆஸ்துமா கிடையாது. மனிதர் நல்லவர், வேறு எதிலும் பொய் சொல்லாதவர். அவர் மனைவி சௌந்தரத்தின் நச்சரிப்பைக் கேட்டால் இந்தப் பொய்யை நீங்களே மன்னித்துவிடுவீர்கள்.

"ஏன்னா, தாரா தூக்கத்துல கூட பெங்காலிலதான் பேசறா. நேத்து என்னைத் திட்டினாளே, அதையாவது தமிழ்ல திட்டினாளா? ஊர்லேர்ந்து எங்கண்ணா வந்தா அவளுக்கும் அவருக்கும் நடுவுல நின்னு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கு. பெத்த பொண்ணு கண்ணு முன்னாடியே அன்னியமாயிண்டிருக்கா. இந்த வருஷமாவது மெட்ராஸ் போயாகணும்."

"இருமிண்டுதானேடி இருக்கேன்," என்பார் சிவராமகிருஷ்ணன்.

இப்படி எல்லோரும் நோயும் நொடியுமாக நிம்மதியாக இருந்த சமயத்தில், அலுவலகத்தின் இணை இயக்குநர் பட்டாபி டில்லிக்கு ஒரு கருத்தரங்குக்குப் போனார். போகும்போது ரத்தக் கொதிப்போடு போனவர், வரும்போது அதோடு ஒரு திட்டத்தையும் கொண்டுவந்தார்.

'ஊழியர்தம் அன்றாடப் பழக்கவழக்கங்களைச் செம்மைப்படுத்தி, தேக ஆரோக்கியத்தின் வாயிலாகச் சணலின் தரத்தை உயர்த்தும் பொருட்டு, ஆரோக்கியச் சவால் ஒன்று இதனால் தொடங்கி வைக்கப்படுகிறது' என்று சுற்றறிக்கை வந்தது. அதிகாலை நடைக்கு மதிப்பெண். டீயை விட்டால் மதிப்பெண், மிட்டாயை விட்டால் கூடுதல் மதிப்பெண். லிப்டில் ஏறாமல் படியேறினாலும் மதிப்பெண். மின்வெட்டு புண்ணியத்தில் லிப்ட் ஓடுவதே இல்லை என்பதால் எல்லோரும் ஏற்கெனவே படிதான் ஏறிக்கொண்டிருந்தார்கள். இனிமேல் அதை மனமுவந்து ஏறவேண்டும் என்று தெளிவுபடுத்தப்பட்டது.

எடை பார்க்கச் சணல் மூட்டை நிறுக்கும் தராசு கொண்டுவரப்பட்டது. ஒற்றை ஆளுக்கு அதன் முள் அசையவில்லை. ஆகவே ஊழியர்களை இருவர் இருவராக ஏற்றி நிறுத்து, வந்த எடையைச் சரிபாதியாகப் பிரித்து ஆளுக்குப் பாதி எழுதினார்கள். ஒல்லியான சிவராமகிருஷ்ணனோடு ஏறியவர் யூனியன் செயலாளர் கோஷ் பாபு. அவரைச் சுற்றிவரவே மதிப்பெண் தரலாம். அன்று ஒரே நிமிஷத்தில் சிவராமகிருஷ்ணன் ஆபத்தான பருமன் உள்ளவர் ஆனார்.

முதலில் சவாலில் ஜெயிக்க ஒருவரும் தயாராக இல்லை. ஆரோக்கியம் வந்துவிட்டால் மாற்றல் போய்விடுமே. எல்லோரும் கடைசி இடத்துக்குக் கடுமையாகப் போட்டியிட்டார்கள். டீக்கடைக்காரர் மண் கோப்பை போதாமல் திண்டாடினார். பட்டாபிக்கு முகம் சிறுத்துப்போயிற்று. டில்லிக்கு என்ன எழுதுவது? யோசித்து யோசித்து, முதலில் வருபவர் கேட்ட ஊருக்கு மாற்றப்படுவார் என்று அறிவித்தார்.

மறுநாள் காலையில் லேக் ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போனவர்கள் கலவரம் என்று நினைத்துத் திரும்பி ஓடினார்கள். ஓடி வந்தது அலுவலகம்.

கோஷ் பாபு மட்டும் பட்டாபியின் அறைக்குப் போய் இங்கிலீஷும் பெங்காலியும் கலந்து ஒரு நியாயம் கேட்டார். "நாங்க காலேஜ் தெருவிலிருந்து மைதானம் வரைக்கும் ஊர்வலம் போறோம். அதுவும் நடைதானே? அதுக்கு மதிப்பெண் உண்டா?"

"அது அரசுக்கு எதிரா நடக்கிற நடை. அதுக்கு அரசே எப்படி மதிப்பெண் கொடுக்கும்?"

"கால் ஒண்ணுதானே சார்?"

"கால் ஒண்ணுதான். கோஷம் வேற."

யூனியன் செயலாளர் என்ற முறையில் கோஷ் பாபு சவாலைப் புறக்கணித்தார். உண்ணாவிரதம் இருந்தால் அது ஆரோக்கியக் கணக்கில் சேர்ந்துவிடும் அபாயம் இருந்ததால், வாசலில் உட்கார்ந்து ரசகுல்லா உண்ணும் போராட்டம் தொடங்கினார். யூனியன் நிதியிலிருந்து சட்டி சட்டியாக வந்தது. தொண்டர்கள் ஆதரவு தெரிவித்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் சௌந்தரம் முழு அதிகாரத்தையும் கையில் எடுத்துக்கொண்டாள். காப்பி நின்றது, நெய் நின்றது, கொள்ளு வந்தது. "மெட்ராஸ் போனதும் எல்லாம் சேத்துப் போடறேன்," என்று சொல்லி, விடியுமுன் கணவரைத் தெருவில் விட்டுக் கதவைச் சாத்தினாள். சிவராமகிருஷ்ணன் நடந்தார், படியேறினார். வெட்கத்தை விட்டுச் சொன்னால் அவருக்கு அது பிடிக்கவும் செய்தது. கடைசி எடையின்போது கோஷ் பாபு போராட்டத்தில் இருந்ததால், அவருக்குப் பதிலாக டைப்பிஸ்ட் அமலாவோடு தராசில் ஏறினார். இருவர் எடையையும் பாதியாக வகுத்ததில், அவருடைய எடை இந்தியாவிலேயே யாருக்கும் குறையாத அளவு குறைந்திருந்தது. முதல் இடம் அவருக்கே.

மாலை கழுத்திலிருக்கும்போதே பட்டாபியின் அறைக்குப் போனார்.

"சார், எனக்கு மெட்ராஸ்."

"பேஷா தரேன். காரணம் என்ன போடட்டும்?"

"ஜெயிச்சதுதான் சார் காரணம்."

"அப்படி ஒரு காரணம் விதியில இல்லையே ஓய். உடல்நிலைதான் இருக்கு. உமக்கு ஆஸ்துமா இருக்கோல்லியோ?"

"இருக்கு சார்."

"இருந்தா எப்படி ஜெயிச்சீர்? ஐந்து மாடியும் மூச்சு வாங்காம ஏறினீரே, நானே பார்த்தேன்."

"அப்ப... இல்லை சார்."

"இல்லாதவருக்கு மெட்ராஸ் எதுக்கு?" பட்டாபி கண்ணாடியைக் கழற்றினார். "ஒருவேளை எப்பவுமே இல்லைங்கறீரா? அப்ப அந்த சர்ட்டிபிகேட் பொய். அதுக்கு விதி இருக்கு. வேலை போயிடும்."

"முன்னாடி இருந்தது சார். இப்பதான் போயிடுத்து."

"எந்த ஊர்ல போச்சு?"

சிவராமகிருஷ்ணன் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "கல்கத்தாவுல."

பட்டாபி சந்தோஷமாகப் பேனாவைத் திறந்தார்.

ஓர் அரசுத் திட்டத்தால் ஓர் ஊழியருக்கு வியாதி குணமானது என்ற செய்தி டில்லியை உலுக்கிவிட்டது. பாராட்டோடு உத்தரவு வந்தது. மேற்படி அலுவலகத்தில் உள்ள சகல நோய்களும் வருகிற முதல் தேதியிலிருந்து குணமடைந்ததாகக் கருதப்படும் என்றும், அந்த அடிப்படையில் கேட்கப்பட்ட மாற்றல்கள் யாவும் நிராகரிக்கப்படுகின்றன என்றும் அதில் இருந்தது. லூதியானாவின் வயிறும் பாலக்காட்டின் முழங்காலும் ஒரே நாளில் குணமாயின. டில்லிக்கு மாற்றல் கேட்டிருந்த பட்டாபியின் ரத்தக் கொதிப்பும் தப்பவில்லை.

இன்னொரு உத்தரவும் வந்தது. மெட்ராஸ் கிளையில் சுந்தரராஜன் என்பவர் வெகுநாளாக ஆஸ்துமாவால் அவதிப்படுவதால், அதற்குச் சிறந்த ஊரான கல்கத்தாவுக்கு அவர் மாற்றப்படுகிறார். அவர் இடத்துக்குக் கல்கத்தாவிலிருந்து நோயாளி ஒருவரை அனுப்பவேண்டும். சவாலில் சேராததால் குணமாகாமல் மிஞ்சியவர் ஒருவர்தான். போராட்டத்தின் வெற்றியாக அவருக்குச் சர்க்கரை ஏகத்துக்கும் ஏறியிருந்தது.

ஹவுரா பாலத்தைத் தாண்டினாலே ஊர் ஞாபகம் வந்துவிடும் கோஷ் பாபுவுக்கு. அவர் சிவராமகிருஷ்ணன் வீட்டுக்கு வந்து, சௌந்தரத்தை அக்கா முறை வைத்துத் தேம்பினார். "தீதி, அங்கே இலிஷ் மீன் கிடைக்குமா? நான் யாரோட பேசுவேன்?"

சௌந்தரம் அவருக்குத் தயிர்சாதம் கட்டிக்கொடுத்து, அண்ணா வீட்டு விலாசம் கொடுத்து, உட்காரவைத்து மூன்று வார்த்தை தமிழும் சொல்லிக்கொடுத்தாள். 'தண்ணி', 'எவ்வளவு', 'வேண்டாம்' என்று மூன்றையும் அவர் அட்சர சுத்தமாகத் திருப்பிச் சொன்னார். அவர் போனபிறகு அவள் சமையலறைக்குள் போய் அழுதாள்.

மறுவாரம் சுந்தரராஜனை வரவேற்க பட்டாபி போட்டோகிராபரோடு ஹவுரா ஸ்டேஷனுக்கு வந்தார். குணமானவரைக் காட்டுவதற்காக சிவராமகிருஷ்ணனையும் கூட்டிவந்திருந்தார். மெட்ராஸ் மெயிலிலிருந்து இறங்கிய சுந்தரராஜன் நாலடி நடந்து டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. நெஞ்சில் விசில் அடிப்பது பிளாட்பாரத்துக்கே கேட்டது. அவர் மனைவி முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். சிவராமகிருஷ்ணன் இத்தனை வருஷம் நடித்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

"நீங்கதானே... சிவராமகிருஷ்ணன்?" என்றார் சுந்தரராஜன். "உங்களை நம்பித்தான்... வீட்டைக் காலி பண்ணிண்டு வந்திருக்கோம். எப்படி குணமாச்சு... சொல்லுங்கோ சார்."

சிவராமகிருஷ்ணனுக்கு நிஜம் தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் வேலை போகும். சௌந்தரமும் தாராவும் கண்ணுக்குள் வந்து நின்றார்கள்.

"சொல்லும் ஓய்," என்றார் பட்டாபி. போட்டோகிராபர் கேமராவைத் தூக்கினார்.

"மாடிப்படி சார்," என்றார் சிவராமகிருஷ்ணன், அந்த மனிதரின் முகத்தைப் பார்க்காமல். "ஐந்து மாடி. தினம் ஏறணும்."

சுந்தரராஜன் அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "ஏறிடறேன் சார்," என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூன்று தரம் மூச்சு வாங்கியது.